கோபம்: பத்துக்கு எத்தனை

செப். 2, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே வெக்கை. கரண்ட் இல்லை. இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் பிசுபிசு.

டாக்டரம்மா சொன்ன நோட்டு வாங்கியாயிற்று. எண்பது பக்கம், அட்டையில் மயில். முன்னாலிருந்து அவருக்கு. தேதி, தூக்கம், மாத்திரை, வலிப்பு, கோபம் என்று ஐந்து கட்டம் போட்டேன். கடைசிக் கட்டத்தில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டுமாம். ஜூலையில் கொடுத்த வெள்ளை மாத்திரை சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும், மனதைச் சோர்வாக்கும், எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரான்சிஸ் உடனே, "ஆமா மேடம், முன்னல்லாம் இப்பிடிக் கத்தமாட்டா." கட்டிய புருஷன். சாட்சி சொல்ல அப்படி ஓர் அவசரம்.

பின்னாலிருந்து எனக்கு. இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டப்போவதில்லை.

என் கோபத்தில் மாத்திரையுடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு? அதற்குக் கட்டம் இல்லை. பத்தொன்பது வயதில் முதல் வலிப்பு. இப்போது முப்பத்தேழு. இடையில் கோபப்படுகிற மாதிரி எதுவுமே நடக்கவில்லை என்று நினைப்பு போல.

நேற்று ஜெனியிடம் கத்திவிட்டேன். ஜியாமெட்ரி பாக்ஸைக் காணோம் என்றாள், அவ்வளவுதான். ஏழாவது படிக்கிற பெண். நான் போட்ட சத்தத்தில் பீரோ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அடிக்கவில்லை. ஆனால் அடிப்பேன் என்று நினைத்துத்தான் ஒளிந்தாள்.

கடலூர் பழைய டவுன் ஓ.டி.யிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் காவி உடுப்பில் ரோட்டோரம் வரிசையாக. ஓர் அம்மா செருப்பில்லாமல். மாதாவே, நான் வேறு எதுவும் கேட்கவில்லை, ஜெனி என்னைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கட்டும்.

முன்பக்கம்: தூக்கம் 6 மணி. மாத்திரை போட்டேன். வலிப்பு இல்லை. கோபம் 5.

செப். 4, வியாழன்

வந்துவிட்டது. கல்லூரியில், நூலகத்திலேயே. பதினொன்றரை இருக்கும்.

ஞாபகம் இருப்பது: புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ரப்பர் எரிகிற நாற்றம். அது வந்தால் எனக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். நாற்காலியை விட்டுத் தரையில் உட்காரப் பார்த்தேன். அப்புறம் மின்விசிறி. அப்புறம் முகங்கள்.

நாக்கு ஓரம் கடிபட்டிருக்கிறது. இடது தோள் வலி. புடவை நனைந்துபோனது. வலது உள்ளங்கையில் இரத்தம்.

இரத்தம் சாவிக்கொத்தால். நூலகச் சாவிகள் மேசைமேல் கிடந்தன. எடுத்து என் கையில் திணித்து, விரல்களை மூடி அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். இரும்பு கொடுத்தால் நின்றுவிடுமாம். செய்தது இரண்டாம் ஆண்டு மாணவிகள். இது செவிலியர் கல்லூரி! நாளைக்கு வார்டில் நிற்கப்போகிற பிள்ளைகள். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படத்தோடு போட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்துக்கு எண் ஒட்டி அடுக்கியது நான்.

என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தது கூட்டிப் பெருக்குகிற தமிழரசி. எட்டாவது வரை படித்தவள். எப்போதோ டீ குடிக்கும்போது நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள். "தள்ளுங்கடி எல்லாம், காத்து வரட்டும். அக்கா வாயில எதையும் வெக்காதீங்க" என்று அவள் கத்தியதுதான் முதலில் என் காதில் விழுந்தது.

இனி உண்மை. செவ்வாயும் புதனும் மாத்திரை போடவில்லை. முன்பக்கத்தில் எழுதியது பொய். ஜெனி பீரோவுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்த பிறகு அந்த வெள்ளை மாத்திரையைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. திடீரென்று நிறுத்தக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நிறுத்தினேன்.

குடை பஸ்ஸில் போய்விட்டது.

செப். 5, வெள்ளி

தலை பாரம். ஆனாலும் போனேன். போகாவிட்டால் பேச்சு வளரும்.

ஏ.ஓ. கூப்பிட்டனுப்பினார். நிர்வாக அலுவலர். அந்தக் கல்லூரியில் யார் இருப்பது யார் போவது எல்லாம் அவர் கையில். உட்காரச் சொல்லவில்லை. பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"இன்னாம்மா, வேலைக்குச் சேரும்போது இதெல்லாம் சொல்லவே இல்லியே."

"வலிப்பு சார். மாத்திரை சாப்புடறேன். ஆறு வருஷத்துல இங்க இது ஒரு தடவதான்."

"யாருகிட்ட பாக்குறீங்க?"

"கடலூர்ல, நரம்பு டாக்டர்கிட்ட."

சிரித்தார். "நரம்பு டாக்டர்னா எங்களுக்குத் தெரியாதாம்மா? எங்க சொந்தத்துலயும் ஒருத்தரு நரம்பு டாக்டர்கிட்டதான் போயினு இருந்தாரு. கடைசில வீட்டுலயே கட்டிப்போட வேண்டியதாப் போச்சு."

"சார், அது வேற டாக்டர். இது வேற."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடம். மனநிலை சரியா இருக்குன்னு சர்டிபிகேட் கொண்டாங்க. அதுவரைக்கும் வர வேணாம். சாவியக் குடுத்துட்டுப் போங்க."

நேற்று நினைவில்லாதபோது கையைப் பிரித்துத் திணித்த சாவி. இன்று புத்தி தெளிவாக இருக்கும்போது பிடுங்கிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். மனநல டாக்டரிடம் போகிறவர்கள் வெளியே சொல்வது நரம்பு டாக்டர். வலிப்புக்குப் போகிற நாங்கள், வலிப்பு என்று சொல்லக் கூசிக்கொண்டு சொல்வதும் நரம்பு டாக்டர். ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டால் பார்க்கிறவனுக்கு எது யார் கால் என்று எப்படித் தெரியும்? ஆனால் ஏ.ஓ.வுக்கு அது தெரிய வேண்டும். நர்சிங் சொல்லிக்கொடுக்கிற இடத்து ஏ.ஓ.

மாத்திரை போட்டேன் (உண்மை). கோபம் 10. பதினொன்று போட இடம் இருந்தால் போட்டிருப்பேன்.

செப். 7, ஞாயிறு

நாளை மாதா பிறந்தநாள். கோயிலில் கூட்டம். நான் போகவில்லை, கூட்டத்தில் விழுந்துவிட்டால் என்ற பயம். பிரான்சிஸும் ஜெனியும் பூசைக்குப் போய்விட்டு கானாங்கெளுத்தி வாங்கி வந்தார்கள். குழம்பு நன்றாக அமைந்தது. சாப்பிட மனமில்லை.

"எனக்கு வேல நின்னு போச்சுன்னு யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"லீவுல இருக்கான்னு சொல்லியிருக்கேன். நரம்பு கொஞ்சம் வீக்குன்னு."

நரம்பு வீக்கு! பெண் பார்க்க வந்த அன்று அப்பா சொன்ன அதே வார்த்தை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் வலிப்பைக் கண்ணால் பார்த்த பிறகும் பிரான்சிஸ் என்னைக் கொண்டுபோய் அப்பா வீட்டில் விடவில்லை. அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அப்பாவின் வார்த்தையை அவர் எடுத்துக்கொண்டார். பதினான்கு வருடமாக அதே வார்த்தை.

"வலிப்புன்னு சொன்னா உங்க வாய் வெந்துடுமா?"

"நாளைக்கு ஜெனிக்கு எடம் பாக்க வேணாமா? கொஞ்சம் யோசிச்சிப் பேசு."

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் மனிதர். "நான் இன்னா பைத்தியமா? எதுக்கு மறைக்கணும்? நான் பைத்தியமா?" என்று கேட்டுக் கரண்டியைத் தொட்டியில் எறிந்தேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஜெனி வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னிக்கு எத்தன மார்க்குமா போடுவ?" என்றாள். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆகஸ்டிலிருந்து அநேகமாக தினமும் இதே கதைதான். முன்பக்கத்தில் இதற்கும் கட்டம் இல்லை.

செப். 9, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். புது டவுன் என்.டி.யில் ஒரு மணி நேரம் காத்திருப்பு. மாத்திரை நிறுத்தியதைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "சொன்னீங்களே, அது போதும். இத ஒரேடியா நிறுத்தக்கூடாது. இன்னையிலேருந்து பாதி, வேற மாத்திரை ஒண்ண மெதுவா ஏத்தலாம்" என்றார்.

சான்றிதழ் எழுதினார். வலிப்பு மூளையின் மின் ஓட்டத்தில் வரும் கோளாறு, மனநோய் அல்ல, இவர் நூலக வேலை செய்யத் தடை இல்லை. முத்திரை, கையெழுத்து. யாராவது ஒருவர் இதைக் காகிதத்தில் எழுத வேண்டும் என்று பதினெட்டு வருடமாக நினைத்திருக்கிறேன்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். அவர் கேட்டார்: "அழறீங்களா?" இல்லை என்றேன். "காலைல எழுந்திரிக்கவே வேணாம்னு தோணுதா?" இல்லை. "உசுரோட இருக்கணுமான்னு எப்பவாவது?" இல்லை என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

இன்னொரு சீட்டு எடுத்தார். சிதம்பரத்தில் ஒரு மனநல டாக்டர் பெயர்.

"நீங்களுமா மேடம்?" சத்தமாகவே கேட்டேன். வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மனநோய் இல்லன்னு இப்பதான எழுதுனீங்க?"

"வலிப்பு மனநோய் இல்ல. அத எங்க வேணா வந்து சொல்றேன். ஆனா வலிப்பு இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு வர்றது ஜாஸ்தி. ரெண்டுக்கும் மூளை ஒண்ணுதானே? மாத்திரை ஒரு பக்கம், இப்பிடி மறைச்சி மறைச்சி வாழறது ஒரு பக்கம். ஒண்ணு இருக்குன்னா இன்னொண்ணு வரக்கூடாதுன்னு இருக்கா அமலா?"

சீட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் 9. டாக்டர் மேல் 9.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

செப். 12, வெள்ளி

சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

சான்றிதழை ஏ.ஓ. இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னது: "இது நரம்பு டாக்டர் குடுத்ததும்மா. இது செல்லாது. மனநல டாக்டர்தான் குடுக்கணும்."

"அன்னிக்கு ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னீங்களே சார்?"

"அது வேற, இது வேற."

என் வாக்கியம். ஒரு வாரத்துக்கு முன் நான் சொன்னதை எனக்கே திருப்பிக் கொடுத்தார். என்னை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் நரம்பும் மனமும் ஒன்று. உள்ளே விட வேண்டுமென்றால் இரண்டும் வேறு.

சாப்பாட்டு டப்பா நூலகத்தில் இருந்தது. எடுக்கப் போனேன். தமிழரசி கதவைத் திறந்துவிட்டாள். மருத்துவத் தட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். 616.8527, மனச்சோர்வு. அதற்கு அடுத்த புத்தகம் 616.853, வலிப்பு. ஆறு வருடமாக நானே தூசி தட்டுகிற தட்டு. இரண்டுக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு எண். ஒன்றின் எண்ணை இன்னொன்றில் ஒட்டினால் நான் சும்மா விடமாட்டேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

டாக்டரம்மா சொன்னதும் அதுதானோ. எரிச்சலாக இருந்தது. டப்பாவைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

செப். 16, செவ்வாய்

சர்டிபிகேட்டுக்காகத்தான் போகிறேன் என்று பிரான்சிஸிடம் சொன்னேன். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் மாடிப்படி ஏறியதும் பெரிய பலகை. பெரிய எழுத்தில் நரம்பு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் மனநலம். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். காலியாக இருந்த நாற்காலிக்கு அடுத்ததில் ஒரு பெண், என் வயதுதான், மடியில் மஞ்சள் பை. நான் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. வலிப்புக்கு மறுநாள் மாணவிகள் என்னைச் சுற்றி விட்ட இடைவெளி இதே அளவுதான் இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணே பேச்சுக் கொடுத்தாள். புவனகிரியாம். "உங்களுக்கு இன்னாங்க?"

"எனக்கு வலிப்புங்க. நான் சர்டிபிகேட்டுக்கு வந்தேன்." எதற்கு அந்த இரண்டாவது வாக்கியம்?

"பரவால்லைங்க. உங்களுது டெஸ்ட்டு எடுத்தா காட்டும். எனுது எதுலயும் காட்டாது. சோம்பேறித்தனம்னு எங்க வூட்டுல சொல்லுவாங்க. அஞ்சு வருஷமா நரம்புக்குப் போறேன்னு சொல்லினுதான் இங்க வரேன்."

நகர்ந்து பக்கத்து நாற்காலிக்குப் போனேன்.

டாக்டர் இளவயது. பத்து நிமிடம் என்று போனது முக்கால் மணி நேரம் ஆயிற்று. கல்லூரி, சாவி, ஏ.ஓ. எல்லாம் சொன்னேன். கடைசியில், பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். டாக்டரம்மாவிடம் வேகமாக இல்லை என்றேனே, அது பொய். அம்மாவிடம் சொன்னதில்லை, பிரான்சிஸிடம் சொன்னதில்லை, இந்தப் பின்பக்கத்தில்கூட எழுதியதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன்.

மனச்சோர்வு என்றார். வெள்ளை மாத்திரை ஏற்கெனவே இருந்ததைக் கிளறிவிட்டிருக்கும் என்றார். சின்ன மாத்திரை ஒன்று, டாக்டரம்மாவிடம் போனில் பேசிவிட்டே எழுதினார். மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டுமாம். வேலைக்குத் தகுதி என்று மட்டும் சான்றிதழ். "மத்தது அவங்களுக்குத் தேவையில்ல. சொல்றதும் சொல்லாததும் உங்க விருப்பம். கண்டிஷன் எதாவது போட்டாங்கன்னா சட்டம் இருக்கு, எங்கிட்ட வாங்க." பாலம் பற்றி வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் பிரான்சிஸிடம் சொன்னேன். சைக்கிளைத் துடைக்கிறேன் என்று வெளியே போனார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோபம் போடவில்லை. இன்று அந்தக் கட்டம் காலி.

செப். 19, வெள்ளி

பிரான்சிஸ் வேலைக்கு லீவு போட்டுக் கூடவே வந்தார். நான் கூப்பிடவில்லை. பாலத்தில் பஸ் ஏறியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். வேர்த்த கை. அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

ஏ.ஓ. புதுச் சான்றிதழைப் பார்த்தார். தலையாட்டினார். முடிந்தது என்று நினைத்தேன். டிராயரிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்று எடுத்து நீட்டினார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கையெழுத்துப் போட்டீங்கன்னா சாவிய வாங்கிக்கலாம்."

'எனக்கு மனநோய் எதுவும் இல்லை, இதற்கு முன் இருந்ததும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.'

பதினெட்டு வருடமாக நான் கத்திக்கொண்டிருக்கிற வாக்கியம். போன வாரம் வந்திருந்தால் இரண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். பேனாவைத் திறந்தேன். புவனகிரிப் பெண்ணின் மஞ்சள் பை கண்ணுக்குள் வந்தது.

"அவ பாக்கிறது வலிப்புக்கு சார்," என்றார் பிரான்சிஸ் திடீரென்று. வெளியே கிளார்க் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு. "நரம்பு வீக்கு இல்ல. வலிப்பு. நான்தான் இத்தினி வருஷமா ஊரெல்லாம் தப்பாச் சொல்லினு இருந்தேன்."

பதினான்கு வருடத்தில் முதல் தடவை. வாய் வேகவில்லை.

அந்த வாக்கியத்தை அடித்தேன். ஸ்கேல் வைத்து, நேராக. கீழே எழுதினேன்: 'எனக்கு வலிப்பு உண்டு. மனச்சோர்வும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. இரண்டுக்கும் மருந்து சாப்பிடுகிறேன். இந்த வேலையை ஆறு வருடமாகச் செய்துவருகிறேன்.' கையெழுத்து, தேதி.

ஏ.ஓ. தாளை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

வேலை போய்விட்டது என்றே நினைக்கிறேன். வரும் வழியில் இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டோம். சால்னா நன்றாக இருந்தது. எனக்கு ருசி தெரிந்து நாளாகிறது.

செப். 24, புதன்

கல்லூரியிலிருந்து போன் இல்லை. ஜெனிக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்தது. பீரோவைப் பிரித்து அடுக்கினோம். ஜியாமெட்ரி பாக்ஸ் பின்னால் விழுந்து கிடந்தது. "இதாம்மா அன்னிக்கு" என்றாள். "தெரியும்டி. அன்னிக்குத் தப்பு எம்மேல" என்றேன். யோசித்துவிட்டு, "ரெண்டு மார்க்கு கொறச்சிப் போட்டுக்கோ" என்றாள்.

தூக்கம் 7. அழவில்லை. கோபம் 4.

செப். 29, திங்கள்

தூறல். புதுக் குடை.

சனிக்கிழமை போன் வந்தது, திங்கள் வந்துவிடுங்கள் என்று. மேலிடத்தின் மனம் மாறியதா? அதெல்லாம் இல்லை. தமிழரசி விஷயத்தைச் சொன்னாள்: "அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வருதுக்கா. புக்கு ரிஜிஸ்டரு பாதில நிக்குது. எவனுக்கும் எழுதத் தெரியல." அதுதான் காரணம். என் சான்றிதழும் இல்லை, சட்டமும் இல்லை, ரிஜிஸ்டர்.

ஏ.ஓ. அறை. என் தாள் ஃபைலில் மேலாக இருந்தது. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, ஸ்கேல் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

நான் எடுக்கவில்லை.

"கையில குடுங்க சார்."

கத்தவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றேன். காயம் ஆறி ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. வாசலில் துடைப்பத்தோடு தமிழரசி. அவர் ஃபைலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கடைசியில் எடுத்தார். விரல் படாமல், மேலிருந்து போட்டார்.

நூலகத்தைத் திறந்து ஃபேன் போட்டேன். மருத்துவத் தட்டில் தூசி.

முன்பக்கம்: தூக்கம் 7. மாத்திரை போட்டேன், இரண்டுக்கும். வலிப்பு இல்லை. கோபம் 8. வெள்ளை மாத்திரை பாதியாகி இருபது நாள். இந்த எட்டும் என்னுடையது.